அளவு கொடுக்காதவள்

ஆயுத பூஜைக்குப் பொரியும் கடலையும் பங்கு பிரித்த மறுநாள், துணி மாட்டி அளவு பார்ப்பதற்காகக் கடல் தாண்டி வரவேண்டிய பொம்மை ஏதோ ஒரு காகிதம் குறைகிறதென்று துறைமுகத்திலேயே நின்றுபோனதால், திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் சாம்பிள் ரூமில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்த நாகஜோதியின் உடம்பு, போட்ட துணிக்குத் தக்கபடி மாறத் தொடங்கியது. சின்னத் துணி போட்டால் சின்னதாகவும் பெரிய துணி போட்டால் பெரியதாகவும், பாத்திரத்துக்குத் தக்கபடி கஞ்சி நிற்கிற மாதிரி அது நின்றது. அதை முதலில் பார்த்த சூப்பர்வைசர் ரெஜினாக்கா "அட" என்றாள். அதற்கப்புறம் யாரும் அதுகூடச் சொல்லவில்லை.

நாகஜோதி அருப்புக்கோட்டைப் பக்கத்துப் பெண். எட்டாவதோடு படிப்பை நிறுத்தி, கல்யாணம் முடித்து, புருஷன் வேல்ச்சாமியோடு பிழைக்க வந்தவள். வேல்ச்சாமி நிட்டிங் மிஷின் ஓட்டினான். பிள்ளை தன்ஷிகாவுக்குப் பத்து மாதம். வயிற்றை அறுத்து எடுத்த பிள்ளை. கம்பெனியின் கீழ்த்தளத்தில் குழந்தைகள் அறை ஒன்று இருந்தது, அதில் முருகாயி என்கிற ஆயா இருந்தாள், பதினொரு மணிக்கும் மூன்று மணிக்கும் நாகஜோதி படியிறங்கிப் போய்ப் பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு மேலே வருவாள். பிள்ளை அவளைப் பார்ப்பதற்கு முன்பே அவள் படியில் இறங்குகிற சத்தத்துக்கு வாயைச் சப்புக்கொட்டும்.

பிள்ளை பிறந்த பிறகு அவள் வயிறு இறங்கித் தொடைமேல் உட்கார்ந்துகொண்டது. இழுத்து நைந்த துணியில் தெரிகிற இழைபோல வெள்ளை வெள்ளையாய் வரிகள் விழுந்தன. ஒரு தோள் தாழ்ந்துபோனது. அதற்காக அவள் யாரிடமும் அழவில்லை, மறைத்தாள், அவ்வளவுதான். ஷாலை இரண்டு தோளிலும் ஊக்கு குத்தினாள், நடக்கிறபோது டிபன் பையை வயிற்றுக்கு முன்னால் பிடித்தாள், குளிக்கிறபோது பாவாடையை மாரில் ஏற்றிக் கட்டிக்கொண்டு கண்ணை மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் வைத்தாள், படுக்கப் போகுமுன் முதல் வேலையாக லைட்டை அணைத்தாள். வீட்டில் இருந்த கண்ணாடி கையகலம். அதிலும் பாதியைப் பழைய பொட்டுகள் அடைத்திருந்தன. பிள்ளை பெற்றதிலிருந்து தன்னை முழுசாக அவள் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. பார்க்காமலே அது அசிங்கம் என்று அவளுக்குத் தெரியும்.

அந்த சீசனுக்குக் கம்பெனி எடுத்திருந்த ஆர்டர் நீச்சல் உடுப்பு. சாம்பிள் ரூமில் இருந்த ஏழு பெண்களில் நீந்தத் தெரிந்தவள் ஒருத்தியும் இல்லை. முதல் பீஸ் தைத்து மேஜைமேல் விழுந்தபோது ஆளாளுக்கு விரலில் தொங்கவிட்டுப் பார்த்தார்கள்.

"இதப் போட்டுக்கிட்டு எங்கடி போவாளுக?"

"குளிக்க."

"குளிக்கிறதுக்கு எதுக்குடி துணி?"

"கூட நாலு பேரு குளிப்பாங்கல்ல?"

"நாலு பேரு இருக்கிற எடத்துல இதப் போட்டா, போட்டதுக்கும் போடாததுக்கும் என்னடி வித்தியாசம்?"

"நூறு கிராம்" என்றார் உடுப்புக்கு அளவுத் தாள், அதாவது பேட்டன், வெட்டுகிற துரைக்கண்ணு மாஸ்டர், தலை நிமிராமல்.

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. அந்தச் சிரிப்பிலேதான் ரெஜினாக்கா வந்து, பொம்மை வரவில்லை, ஆர்டர் கொடுத்த வெளிநாட்டுப் பையர் பன்னிரண்டு மணிக்குக் கம்ப்யூட்டரில் பார்க்க உட்கார்ந்துவிடுவார்கள், யாராவது போட்டு நிற்க வேண்டும் என்றாள். ஆறு பேர் ஆறு காரணம் சொன்னார்கள். ஏழாவது ஆளுக்குக் காரணம் சொல்லத் தெரியாது.

"அய்யோ அக்கா, என் வயிறு..."

"வயிறு யாருக்குத்தான் இல்ல? கழுத்துக்குக் கீழதான் போட்டோ. தலையே வராது. தல இல்லாதவளுக்கு வெக்கம் எதுக்கு ஜோதி?"

திரைக்குப் பின்னால் போய் நின்று அந்தக் கறுப்புத் துணியைக் கையில் வைத்துப் பார்த்தபோது, இதற்குள் என் ஒரு கால்கூடப் போகாதே என்று அவளுக்குக் கண்ணீர் முட்டியது. ஆனால் சொன்னதைச் செய்து பழகிய பெண்ணாகையால் காலை நுழைத்தாள், இழுத்தாள், அது முழங்காலைத் தாண்டியது, தொடையைத் தாண்டியது, வயிறு கூட்டத்தில் வண்டிக்கு ஒதுங்குகிற ஆள்மாதிரி ஒதுங்கி வழிவிட்டது, பட்டி தோளில் ஏறி உட்கார்ந்தது. திரையை விலக்கிக்கொண்டு வந்தவள் எதிரிலிருந்த ஆளுயரக் கண்ணாடியில் ஒருத்தியைப் பார்த்தாள். வரியில்லை, மடிப்பில்லை, தொங்கலில்லை. வயிறு சிலேட்டுப் பலகையாக இருந்தது. நாகஜோதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஷால் இல்லாமல் வெறுந்தோளோடு, நூறு கிராம் துணியில், ட்யூப்லைட் வெளிச்சத்தில் நின்றுகொண்டு, பிறந்ததிலிருந்து இல்லாத மாதிரி நிமிர்ந்து சிரித்தாள்.

அன்றைக்கு ஐந்து சைஸ் போட்டாள். ஐந்துக்கும் உடம்பு ஐந்து விதமாக நின்றது. மாஸ்டர் டேப் வைத்துப் பார்த்து, "நூலளவு பிசகல. பொம்மையவிடச் சுத்தம்" என்றார். கம்ப்யூட்டரில் தெரிந்த வெளிநாட்டு அம்மாள் கட்டைவிரலை உயர்த்தினாள்.

மூன்று மணிக்கு அவள் தன் சுடிதாரைப் போட்டுக்கொண்டு கீழே போனாள். லூசாகத் தைத்த சுடிதார் அது. அது இப்போது லூசாக இல்லை. எதை மறைக்க எவ்வளவு துணி விட்டிருந்தாளோ அவ்வளவையும் உடம்பு வந்து நிரப்பியிருந்தது. படியில் கால் பழைய சத்தத்தில் விழவில்லை. பிள்ளை சப்புக்கொட்டவில்லை. மடியில் போட்டதும் முகத்தை மாரில் வைத்து மோந்து பார்த்தது, இந்தப் பக்கம் மோந்தது, அந்தப் பக்கம் மோந்தது, பிறகு தப்பான வீட்டுக்குள் நுழைந்துவிட்ட விருந்தாளிபோல மெதுவாகத் தலையை எடுத்துக்கொண்டு அழுதது. பால் இல்லை. காலையில் கட்டிக்கொண்டு வலித்த மார் இரண்டும் காலிப்பை மாதிரி இருந்தன.

"தண்ணி நெறயக் குடி ஜோதி" என்றாள் முருகாயி. "சில பேருக்குச் சடக்குன்னு நின்னுக்கும்."

கம்பெனி அதைப் பழகிக்கொள்ள ஒரு வாரம்கூட ஆகவில்லை. நூல் சுருங்குகிறது, சாயம் போகிறது, ஆள் மாறினால் என்ன என்று இருந்துவிட்டார்கள். தரம் பார்க்கிற ஆபீசர் மட்டும் அளவு காட்டுகிற எந்தப் பொருளுக்கும் சீல் இருக்கவேண்டும் என்பது விதி என்று சொல்லி, எடை மெஷினுக்கு ஒட்டுகிற பச்சை ஸ்டிக்கரை ஒவ்வொரு திங்கட்கிழமையும் அவள் கழுத்தில் தொங்குகிற அட்டையில் ஒட்டினார். துவைத்தால் சுருங்குவாளா என்று எழுதிக் கேட்டார். ரெஜினாக்கா, தினமும் குளிக்கிறாள், இதுவரை சுருங்கவில்லை என்று எழுதிக் கொடுத்தாள்.

அவள் குடியிருந்த லைன் வீட்டில் சேதி பரவியது. எட்டு வீட்டுக்கு ஒரு குழாய் இருக்கிற இடத்தில் எதுதான் பரவாது? ஞாயிற்றுக்கிழமை காலையில் பெண்கள் மஞ்சப்பையில் பழைய ரவிக்கைகளை எடுத்துக்கொண்டு அவள் வாசலில் உட்கார்ந்தார்கள். நான்காம் வீட்டுப் பவுனுத்தாயி இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தின முகூர்த்த ரவிக்கையை நீட்டி, "போட்டுத் திரும்பி நில்லு தாயீ, என் முதுக நான் பார்த்ததே இல்ல" என்றாள். நாகஜோதி போட்டுத் திரும்பி நின்றாள். பவுனுத்தாயி பார்த்துக்கொண்டே இருந்தாள். கையை நீட்டித் தொட்டாள்.

"இந்த முதுகயாடி நான் இழுத்து இழுத்து மூடினேன்? ஒருத்தியாவது சொன்னீங்களாடி, நல்லாருக்குன்னு?"

அன்று முழுக்க அந்த வரிசையில் சிரிப்பும் அழுகையுமாக இருந்தது. வந்தவர்கள் எல்லாரும் அவரவரைப் பார்த்தார்கள், தாங்கள் நினைத்திருந்ததைவிட நன்றாகத்தான் இருந்திருக்கிறோம் என்று தெரிந்துகொண்டார்கள், தெரிந்துகொண்ட ரவிக்கையை மடித்து எடுத்துக்கொண்டு போனார்கள். பக்கத்துத் தெருவிலிருந்து வந்த ஒருத்தி ரவிக்கை கொண்டுவரவில்லை. பள்ளிக்கூடச் சட்டையும் பாவாடையும் கொண்டுவந்தாள். பன்னிரண்டு வயதில் காய்ச்சலில் போன பிள்ளையுடையது. நாகஜோதி அதைப் போட்டாள். போட்டதும் குச்சிக் கையும் குச்சிக் காலுமாக ஆனாள். "முகத்த மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கம்மா" என்று சொல்லிவிட்டு, அந்தத் தாய் பின்னால் உட்கார்ந்து தலைசீவி, இரட்டைச் சடை போட்டு, ரிப்பன் வைத்து மடக்கிக் கட்டி, பொழுது இறங்கும்வரை அந்த முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். நாகஜோதிக்கு எழுந்திருக்க மனசு வரவில்லை. வேல்ச்சாமி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தபோது, தன்ஷிகா அந்தப் பள்ளிக்கூட அக்காவைப் பார்த்துக் கைகொட்டிச் சிரித்தது. விளையாடக் கூப்பிட்டது. பசிக்கு அவளைத் தேடவில்லை.

அன்றைக்குத்தான் அவளுக்கு முதன்முதலாகப் பயம் வந்தது.

அதற்கப்புறம் அவள் தன் பழைய உடம்பைத் தேடத் தொடங்கினாள். மாரை மோந்து பிள்ளை அறிந்து வைத்திருந்த அந்த உடம்பை, கண்ணைக் கூரையில் வைத்துக்கொண்டு குளிப்பாட்டிய அந்த உடம்பை. சுடிதார் நிறைந்துபோனதால் இன்னும் லூசாக ஒன்று வாங்கினாள், அதையும் உடம்பு நிரப்பியது, அதற்கும் மேலே ஒன்று வாங்கினாள், அதையும் நிரப்பியது; மறைக்க மறைக்க மறைப்பே அவளாக வளர்ந்தது. கல்யாண ரவிக்கையை எடுத்துப் போட்டாள். பத்தொன்பது வயது உடம்பு வந்தது, கல்யாணத்தன்று வேர்த்த மாதிரியே வேர்த்தது, ஆனால் அது பிள்ளை பெறாத உடம்பு, பிள்ளை அதை ஊரிலிருந்து வந்த சித்தியைப் பார்க்கிற மாதிரி பார்த்தது. ஆஸ்பத்திரியிலிருந்து போட்டுவந்த நைட்டியை எடுத்தாள். அது ப்ரீ சைஸ். போட்டதும் உடம்புக்கு ஓரமே இல்லாமல் போனது, தரையில் கொட்டிய தண்ணீர்மாதிரி எங்கே நிற்பதென்று தெரியாமல் பரவப் பார்த்தது. பயந்துபோய்க் கழற்றி எறிந்தாள். சேலையைச் சுற்றினால் ஒன்றும் ஆகவில்லை. தைக்காத துணிக்கு அளவு கிடையாது; கடைசியாக எந்தத் தைத்த துணியைப் போட்டாளோ அந்த உடம்பே சேலைக்குள்ளும் நின்றது.

வேல்ச்சாமியைக் கேட்டாள்.

"ஏங்க, நான் எப்படி இருந்தேன்?"

"எப்ப?"

"பாப்பா பெறந்த பெறகு. இந்தக் கூத்துக்கு முன்னாடி."

"நல்லாத்தான் இருந்த."

"எவ்வளவு இருந்தேன்? கையால காட்டுங்க."

அவன் இரண்டு கையையும் விரித்தான், கொஞ்சம் குறுக்கினான், மறுபடி விரித்தான், கண்மாயில் பிடித்த மீனைப் பற்றிப் பொய் சொல்கிறவன்போல அவனுக்கே நம்பிக்கையில்லாமல் கையைக் கீழே போட்டான். "வெளிச்சத்துல நீ எங்க பார்க்க விட்ட?" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது அவளுக்கு அப்படி வலித்தது.

லைன் வீட்டில் கேட்டாள். நீ ஒல்லிதான்டி என்றாள் ஒருத்தி. எங்க ஒல்லி, வாசலை அடைச்சுக்கிட்டுல்ல வருவா என்றாள் இன்னொருத்தி. இரண்டு பேரும் மாரியாத்தா மேல் சத்தியம் செய்தார்கள்.

கடைசியில் சுடிதார் தைத்த டெய்லர் கடைக்குப் போனாள். டெய்லர் நோட்டைப் புரட்டி, நாகஜோதி என்று எழுதியிருந்த பக்கத்தை எடுத்து மார்பு, இடுப்பு, தோள் என்று வாசித்தார். அவள் எட்டி நோட்டைப் பார்த்தாள். அது அவள் அளவு இல்லை. பிள்ளை பெற்ற உடம்பில் அந்த ஆளின் டேப் படக்கூடாதென்று கூசிக்கொண்டு, ஊரிலிருந்து வந்திருந்த நாத்தனாரின் ரவிக்கையை அளவு ரவிக்கையென்று கொடுத்து, இதைவிட இரண்டு இஞ்சு லூசாகத் தைங்கள் என்று சொல்லிவிட்டு வந்தவள் அவளேதான். நாத்தனார் ஆகிருதியான பெண், கல்யாணமாகி ஆறு வருஷமாகப் பிள்ளையில்லாதவள். மூன்று மணிக்கு மாரில் பால் ஏன் இல்லாமல் போனதென்று அந்த நோட்டைப் பார்த்தபோதுதான் விளங்கியது. ஊரிலிருக்கிற நோட்டு எல்லாவற்றையும் புரட்டினாலும், தன்ஷிகாவின் தாய் என்கிற உடம்புக்கு ஒரு வரி இருக்காது. யாரும் எழுதவில்லை. அவள் எழுத விடவில்லை.

கார்த்திகை பிறந்தபோது பொம்மை வந்து சேர்ந்தது. பெட்டியை உடைத்து வெளியே நிறுத்தினார்கள்; தலையில்லை, கையில்லை, சுத்தமான உடம்பு. நாகஜோதியின் அட்டையிலிருந்த பச்சை ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்துவிட்டு, அவளை மறுபடி பிசிறு வெட்ட அனுப்பினார்கள். அவள் போகாமல் மாஸ்டரின் மேஜை ஓரத்தில் வந்து நின்றாள். பழைய உடம்பு திரும்பாததையும் பிள்ளை தன்னிடம் வராததையும் சொன்னாள். அவ்வளவு பேசி அவர் அவளைப் பார்த்ததில்லை. கேட்டு முடித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"வாங்கின சாமான வாங்கின மாதிரி திருப்பிக் குடுக்கோணும் அம்மிணி. நாங்க வாங்கினோம். ஆனா வாங்கும்போது எப்படி இருந்துச்சுன்னு யாருமே பார்த்து வெக்கலியே. உனக்காச்சும் தெரியுமா?"

"தெரியாதுங்க மாஸ்டர். பிள்ளைக்குத்தான் தெரியும்."

அவர் யோசித்தார். சுடிதார், ரவிக்கை எல்லாவற்றிலும் தளர்ச்சி உண்டு, நீச்சல் உடுப்பு ஒன்றுதான் பொய் சொல்லாமல் உடம்பை அப்படியே பிடிக்கும் என்றார். மிச்சத் துணியில் கால் இஞ்சு, கால் இஞ்சு வித்தியாசத்தில் முப்பத்திரண்டு பீஸ் வெட்டினார். ரெஜினாக்கா சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து தைத்தாள். தினம் ஒன்றாகப் போட்டுக்கொண்டு கீழே போவது, பிள்ளை எதற்குக் கை நீட்டுகிறதோ அதுதான் அவள். அதை வைத்துப் பழுப்புத் தாளில் பேட்டன் எடுத்துவிட்டால் சாகிறவரைக்கும் அவள் உடுப்பை அவளே தைத்துக்கொள்ளலாம். பிள்ளை கை நீட்டாததை அன்றன்றைக்கே குறுக்கே வெட்டி வேஸ்ட் மூட்டையில் போட்டுவிட வேண்டும். தேறாத பீஸ் முழுசாக வெளியே போகக்கூடாது, அது சாம்பிள் ரூமில் எந்தக் காலத்திலும் உள்ள வழக்கம்.

முதல் பீஸ் போட்டாள், தைக்காத துணியொன்றை மேலே சுற்றிக்கொண்டு கீழே போனாள், பிள்ளை பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது, வெட்டினார்கள். இரண்டாவதைப் போட்டாள், வெட்டினார்கள். ஐந்தாவதைப் போட்ட அன்று பிள்ளை முதல் அடி எடுத்து வைத்தது. நாகஜோதி இரண்டு கையையும் நீட்டி இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள், அது அந்தப் பக்கம் முருகாயியிடம் போனது. ஒன்பதாவது அன்று புட்டிப் பாலை விட்டு ரசஞ்சோறு சாப்பிட்டது. பன்னிரண்டாவது அன்று அம்மா என்றது, முருகாயியைப் பார்த்து.

"என்னயச் சொல்லலடி, சும்மா ஒளறுது" என்றாள் முருகாயி. அவள் நல்லவள். நாகஜோதி வருகிற நேரம் பார்த்து எழுந்து பாத்ரூமுக்குள் போய் நின்றுகொள்வாள். பிள்ளை பாத்ரூம் கதவைத் தட்டிக்கொண்டு அழும்.

பிள்ளைக்கு அவள் முகம் தெரியாமலில்லை. முகம் தெரிந்திருந்தது, தினம் ஒரு உடம்போடு வந்து எதிரில் உட்கார்ந்து கையை நீட்டுகிறவளின் முகமாகத் தெரிந்திருந்தது.

மார்கழியில் ஒரு வெள்ளிக்கிழமை பதினேழாவது பீஸைப் போட்டாள். பட்டி தோளில் ஏறியதும் வலது தோள் ஒரு விரற்கடை தாழ்ந்தது. வயிறு கீழே இறங்கி, தன் வீட்டுத் திண்ணையில் உட்காருகிற ஆள்போலத் தொடைமேல் உட்கார்ந்தது. தையல் போட்ட இடம் சுருக்கென்று இழுத்தது. கரண்ட் போன வீட்டில் கை தானாகத் தீப்பெட்டிக்குப் போகிறமாதிரி அவளுக்குள் எதுவோ தானாக வந்து இடத்தில் நின்றது. பிறகு மார் இரண்டும் கனத்தன, கடுத்தன, யாரும் கேட்காமலே பால் வந்து கறுப்புத் துணியில் ஊறியது.

நாகஜோதி கண்ணாடியைப் பார்த்தாள். கூரையைப் பார்க்கவில்லை, கண்ணாடியைத்தான் பார்த்தாள். அந்த வயிற்றை, அந்த வரிகளை, அக்குளுக்குப் பக்கத்தில் பிதுங்குகிற சதையை, ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல். அழகென்று சொல்ல முடியாது. அசிங்கமென்றும் சொல்ல முடியவில்லை. நான் என்றுதான் சொல்ல முடிந்தது. இவ்வளவுதானா, இதற்கா இத்தனை ஊக்கு, இதற்கா இத்தனை இருட்டு என்று அவளுக்குத் தோன்றியது.

துணியைத் தோளில் சும்மா போட்டுக்கொண்டு, கையில் டிபன் பை இல்லாமல், தரையில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண்களுக்கு நடுவே நடந்தாள். "யாருடி அது, புதுசா சேர்ந்த புள்ளையா?" என்று யாரோ கேட்டார்கள். நிமிர்ந்து நடந்ததில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. படியில் அவள் கால் பழைய சத்தத்தோடு விழுந்தது.

முருகாயி சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். எழுந்து ஒளிய நேரமில்லை. தன்ஷிகா அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்று மென்றுகொண்டிருந்தது. நாகஜோதி முன்னால் போய் மண்டியிட்டு, தோளிலிருந்த துணியைக் கீழே விட்டாள். ஒரு மனிதருக்கும் காட்டாததை, ட்யூப்லைட் வெளிச்சத்தில், ஒன்பது பிள்ளைகளும் ஒரு ஆயாவும் பார்த்திருக்க, தன் பிள்ளைக்குக் காட்டினாள்.

"பாப்பா. நான்டா. இது நான்தான்டா."

பிள்ளை மெல்வதை நிறுத்தியது. ஒரு அடி கிட்டே வந்தது. ஈரத்தைப் பார்த்தது. ஆள்காட்டி விரலை நீட்டி அந்த ஈரத்தைத் தொட்டது, விரலைப் பார்த்தது, திரும்பிப் போய் முருகாயியின் சேலையில் துடைத்துக்கொண்டது. துடைத்துவிட்டு அந்தச் சேலைக்குள்ளேயே முகத்தைப் புதைத்துக்கொண்டது.

"உங்கம்மாடி தங்கம், போடி, போடி சாமி" என்று முருகாயி அந்தச் சின்ன விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பிரித்த விரல் மறுபடி மூடிக்கொண்டது. பிள்ளை வீறிட்டது. முருகாயிக்கும் கண்ணீர் வந்துவிட்டது. "நாளைலருந்து நான் லீவு போட்டுக்கிறேன் ஜோதி. நான் இல்லாட்டி உங்கிட்ட வந்துருவா."

"வேணாங்க்கா" என்றாள் நாகஜோதி. "சோறு ஆறுது. ஊட்டுங்க."

மேலே வந்தபோது மாஸ்டர் பழுப்புத் தாளை விரித்துப் பென்சிலைச் சீவி வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவள் நடந்து வந்த நடையைப் பார்த்து அவருக்குச் சந்தேகம் தட்டியிருக்கும்.

"என்ன அம்மிணி, இதுதானா?"

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவள் உடம்பு தாளில் ஏறிவிடும், என்றைக்கும் அவளுடையதாக இருக்கும். நாகஜோதி நின்றாள். பிள்ளைக்கு வேண்டாததை வைத்துக்கொண்டு யாருக்குத் தைப்பது என்று நினைத்தாள். இன்னும் பதினைந்து பீஸ் இருக்கிறது, அதில் ஏதாவது ஒன்றுக்குக் கை நீட்டாமலா போய்விடும் என்று நினைத்தாள்.

"இது இல்லீங்க மாஸ்டர். பிள்ள வரல."

திரைக்குப் பின்னால் போய்க் கழற்றி, கையை மட்டும் வெளியே நீட்டிக் கொடுத்தாள். ரெஜினாக்கா வாங்கினாள். துணியில் இரண்டு இடத்தில் கையகலத்துக்கு ஈரமாக இருந்தது, சூடாக இருந்தது. ரெஜினாக்கா மூன்று பிள்ளை பெற்றவள்.

"ஜோதி" என்றாள்.

"அடுத்ததக் குடுங்க்கா."

மாஸ்டரின் கத்தரி குறுக்கே ஒருமுறை போகிற சத்தம் கேட்டது, நெடுக்கே ஒருமுறை போகிற சத்தம் கேட்டது. திரைக்கு மேலாகப் பதினெட்டாவது பீஸ் வந்தது. அவள் காலை நுழைத்து இழுத்தாள். முழங்காலைத் தாண்டியபோதும் தொடையைத் தாண்டியபோதும் பால் தரையில் சொட்டிக்கொண்டுதான் இருந்தது. பட்டி தோளில் ஏறியதும் நின்றது.